கணைக்காலுக்கு வந்த கேடு

வரக்காப்பொலையில் பாடசாலை விட்டபின் மாலை வேளையிலே மாணவர் சிலருக்குக் கம்பராமாயணம் சொல்லி வருகின்றேன். அண்மையில் கிட்கிந்தா காண்டத்து நாடவிட்ட படலத்தை எடுத்தோம். சீதையைத் தேடப் புறப்படும் அனுமன் அவளை இன்னாளென்று கண்டுகொள்ளும் பொருட்டு, இராமன் அடிமுதலாக அவளுடைய உறுப்புநலனை எடுத்துரைக்கும் இடம் அது. கணைக்காலைக் கூறும் செய்யுளுக்கு வந்தபோது பெண்பிள்ளைகள் இருவர் வாய்பொத்திச் சிரித்தனர். காரணம் வினவினேன். ஒருத்தி எழுந்து, "இந்த மாதிரிக் காலைக் குறைக்கத்தான் ஐயா கொரியாவிலே ஊசி போடுகிறார்கள். கம்பர் அதைப் போய்ப் புகழுகிறாரே!" என்றாள்.

அவர்களைச் சிரிக்க வைத்த உவமைகள் மூன்று: சினைகொண்ட வரால் மீன், அம்பு பொதிந்த ஆவநாழிகை, கதிரை உள்ளடக்கிய நெற்பயிர். இவை கம்பர் புதிதாகக் கண்டவை அல்ல. புலவர் போற்றும் உவமைகள் என்றே இராமன் வாயில் வைத்துச் சொல்கின்றார். மூன்றும் உள்ளே ஒன்றைச் சுமப்பதனாலே திரண்டவை; மீன் முட்டையைச் சுமக்கிறது, தூணி அம்பைச் சுமக்கிறது, பயிர் மணியைச் சுமக்கிறது. நம் பேச்சு வழக்கிலும் அந்த உறுப்புக்குக் கெண்டைக்கால் என்பதே பெயர். கெண்டை என்னும் சொல் மீனையும் திரண்ட தசையையும் ஒருங்கே குறிக்கும்.

மாணவி சொன்னது கட்டுக்கதை அன்று. கொரியாவில் பருத்த கெண்டைக்காலை 'முள்ளங்கிக் கால்' என்று எள்ளுவர், யப்பானிலும் அவ்வாறே. (அந்த யப்பானிலேயே, கி.பி. 712இல் தொகுக்கப்பெற்ற கொஜிக்கி என்னும் பழைய நூலில், அரசன் ஒருவன் தன் தேவியின் வெண்ணிறக் கைகளை முள்ளங்கிக்கு ஒப்பிட்டுப் பாடுகிறான். முள்ளங்கி அன்று புகழ், இன்று வசை!) அவ்வசைக்கு அஞ்சியோர் நாடும் வழிகள் இரண்டு. ஒன்று ஊசி, மற்றொன்று நரம்பை அறுத்தல்.

ஊசியில் ஏற்றுவது பொட்டுலினம் என்னும் நஞ்சு. கெட்டுப்போன உணவிலே பிறக்கும் கிருமியின் நஞ்சு இது. இதனை முதன்முதல் விரிவாக ஆராய்ந்தவர் ஜேர்மனியைச் சேர்ந்த யுஸ்டினுஸ் கேர்னர். அவர் வைத்தியர் மட்டுமல்லர், பெயர்பெற்ற கவிஞருங்கூட. இறைச்சிப் பண்டம் உண்டு மாண்டவர்களைப் பற்றி 1820, 1822ஆம் ஆண்டுகளில் நூல்கள் எழுதினார். சிற்றளவில் இந்நஞ்சு மருந்தாகவும் கூடும் என்று ஊகித்தார். ஊகம் பலித்தது. மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் மருந்தாக 1989இல் அமெரிக்க அரசு இதற்கு இசைவளித்தது. நெற்றிச் சுருக்கத்துக்கு 2002இல் இசைவு கிடைத்தது. 2004இல் கொரிய வைத்தியர் சிலர் கெண்டைத் தசையில் இதனைச் செலுத்திக் கண்ட பயனை வெளியிட்டனர். நரம்பின் ஏவல் தசையை எட்டாதபடி இந்நஞ்சு தடுக்கும். ஏவல் பெறாத தசை சில கிழமைகளில் வற்றும். சில மாதங்களில் நஞ்சின் வலி தீர்ந்ததும் தசை மீளும். மறுபடியும் ஊசி, மறுபடியும் பணம்.

நரம்பை அறுப்பது இன்னும் கடுமையானது. முழங்காலின் பின்புறத்திலே கெண்டைத் தசைக்குப் பிரிந்து செல்லும் நரம்புக் கிளையைத் தேடி வெட்டுவர், அல்லது வெப்பத்தாற் சுட்டுவிடுவர். அடியிலுள்ள மற்றொரு தசை எஞ்சியிருப்பதால் நடக்க முடியும். ஆனால் நுனிக்காலில் எழுவதற்கும் ஓடுவதற்கும் மேடேறுவதற்கும் வேண்டிய உந்துவலி குறையலாம். இரு காலும் ஒவ்வாது போகலாம். குறைந்த தசையின் வேலையைத் தாங்கும் வேறு தசை புடைக்கவுங் கூடும். காலிலுள்ள குருதியை மேலே தள்ளி இதயத்துக்கு அனுப்புவதும் இத்தசைகளின் சுருக்கமே. நோய்க்கு வைத்தியம் செய்வதை யாரும் குறைகூறார். இங்கே நோயில்லாத தசையை அல்லவா முடமாக்குகிறார்கள்!

மேடேறுவது என்றேன். சிரித்த அந்தப் பிள்ளையின் தாய் இறப்பர்த் தோட்டத்திலே பால்வெட்டுகிறவள். விடியுமுன் மலைச்சரிவில் ஏறி, 250, 300 மரங்களுக்கு வெட்டுப் போட்டு, வாளியோடு மறுபடியும் ஏறி இறங்குகிறாள். அவளுக்கு முந்தியோர் 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காக மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தவர்கள். வழியில் விழுந்தவர் பலர். நடந்து சேர்ந்தவர்களின் கால்தான் இந்தப் பிள்ளையின் கால். பாவாடையை இழுத்து இழுத்து அதனை அவள் மறைத்துக்கொள்வதை நான் முன்னரே கண்டிருக்கிறேன். ஏனென்று அன்றுவரை விளங்கவில்லை.

இதற்குக் கொரியரை மட்டும் நொந்து பயனில்லை. பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று பெண்ணை உறுப்புறுப்பாக அளந்து பாடியவர்கள் நம் புலவர்களும் அல்லரோ? வரால்போலத் திரளாத மெலிந்த காலையுடைய பெண் அன்று என்ன நினைத்திருப்பாள் என்று எந்த உரையாசிரியரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. இந்தக் குறையை வகுப்பிலே ஒப்புக்கொண்டேன். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கவிஞன் அளந்தான், அறுக்கவில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்யுள்களைக் கூச்சத்தினாலே தாண்டிச் செல்வது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. நானும் முப்பது ஆண்டுகள் தாண்டினவனே. நாம் வாய்திறவாத இடத்திலே கைத்தொலைபேசி பேசுகிறது. அது விலையைச் சொல்லும், வெட்டப்படும் நரம்பின் தொழிலைச் சொல்லாது. உடற்றொழிலியல் கற்பிக்கும் ஆசிரியரையும் அழைத்து வைத்துக்கொண்டு இச்செய்யுளை நடத்தினால் என்ன?

வருகிற கிழமை அதே செய்யுளை மீண்டும் எடுக்கவிருக்கிறேன். நெற்சினை என்றால் என்னவென்று அன்று எவருக்கும் தெரியவில்லை. தெருவோரத்து வயலிலே பயிர் இப்போது குடலைப் பருவத்தில் நிற்கிறது. வயற்காரரிடம் கேட்டு ஒரு தாள் பறித்துச் செல்ல வேண்டும்.