அதிர்வு கொடுத்தால் பழைய அலுமினியம் உறுதி பெறுமா?

வார இறுதிக் காலைகளில் நம் தாமான்களில் ஒலிபெருக்கியுடன் ஊர்ந்து வரும் பழைய பொருள் லாரியை அறியாதவர் இருக்க முடியாது. 'சூராட் காபார் லாமா, பெசி பூரோக்' என்ற குரலோடு வரும் அந்த லாரியில் அலுமினிய ஜன்னல் சட்டம், உடைந்த மின்விசிறி, மோட்டார் சைக்கிள் பாகம் எல்லாம் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலை உருக்கினால் எந்தத் தரத்தில் உலோகம் கிடைக்கும்? பாடநூல் கேள்வி போலத் தோன்றினாலும், இது இன்றைய வணிகச் செய்திகளோடு நெருங்கிய தொடர்புடையது.

கடந்த 2026 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம், தன் எல்லைக்குள் வரும் அலுமினியம், எஃகு, சிமெண்டு போன்றவற்றுக்குக் கரிமக் கட்டணத்தைக் கணக்கிடுகிறது. ஒரு பொருளைத் தயாரிக்கையில் எவ்வளவு கரிமம் வெளியானதோ அதற்கேற்ப இறக்குமதியாளர் செலுத்த வேண்டும். இதனால் குறைந்த கரிமத்தில் தயாரான அலுமினியத்திற்கு மதிப்பு கூடுகிறது. சரவாக்கில் பிரஸ் மெட்டல் நிறுவனம் நீர்மின்சாரத்தைக் கொண்டு அலுமினியம் தயாரிப்பது இதற்கு ஒரு வழி. பழையதை உருக்கி மீண்டும் பயன்படுத்துவது இன்னொரு வழி. புதிய அலுமினியத்தைப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறக்குறைய 5 விழுக்காடே இதற்குப் போதும்.

அப்படியானால் எல்லாரும் பழையதையே உருக்கலாமே? அங்குதான் இரும்பு குறுக்கே நிற்கிறது. பழைய பொருள்களை நொறுக்கும்போது எஃகுத் திருகுகளும் துண்டுகளும் கலந்துவிடுகின்றன. உருகிய அலுமினியத்தில் கரைந்துவிட்ட இரும்பைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். உலோகம் உறையும்போது இரும்பும் சிலிக்கனும் அலுமினியத்தோடு சேர்ந்து மெல்லிய தகடுகளாகப் படிகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் அவை ஊசிகள்போல் தெரியும். சுமை ஏறும்போது விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

இதனால் இரும்பு கலந்த அலுமினியம் பெரும்பாலும் கார் இயந்திரக் கட்டை, கியர்ப்பெட்டி உறை போன்றவற்றுக்கே போய்ச் சேர்ந்தது. அவற்றுக்கான கலப்புலோகங்கள் ஒரு விழுக்காட்டுக்கும் சற்று அதிகமான இரும்பைத் தாங்கக்கூடியவை. ஆனால் அந்தக் கதவு இப்போது மெல்ல மூடுகிறது. 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரான இ.மாஸ் 7-ஐ அறிமுகப்படுத்தியதை நினைவிருக்கிறதா? மின்சாரக் காரில் இயந்திரக் கட்டையே இல்லை. அதற்கும் அலுமினியம் வேண்டும். ஆனால் விபத்தில் உடையாமல் வளைந்து கொடுக்கும் உடற்பாகங்களுக்கு இரும்பு குறைந்த உலோகமே வேண்டும். சாலையில் மின்சாரக் கார்கள் பெருகப் பெருக, இரும்பு கலந்த பழைய அலுமினியத்தை எங்கே பயன்படுத்துவது என்ற சிக்கலும் பெருகும்.

இரும்பை அகற்ற முடியாவிட்டால், அது உறையும் வடிவத்தையாவது மாற்ற முடியுமா? அதிர்வு இங்கேதான் உதவிக்கு வருகிறது.

ஐஸ்கிரீமை எண்ணிப் பாருங்கள். கிளறிக்கொண்டே உறைய வைத்தால் பனிப்படிகங்கள் சிறிதாகி, மென்மையாக இருக்கும். உருகியதை அப்படியே மீண்டும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் படிகங்கள் பெருத்து நறநறக்கும். உலோகத்திலும் இதேதான் நடக்கிறது. அமைதியாக உறையும் உலோகத்தில் படிகங்கள் மரக்கிளைகள்போல் நீண்டு வளரும். அதிர்வு கொடுத்தால் கிளைகள் முறியும். முறிந்த ஒவ்வொரு துண்டும் ஒரு புதிய படிகத்திற்கு வித்தாகும். படிக மணிகள் சிறுத்தால் உலோகத்தின் உறுதி கூடும்.

மீயொலி இன்னும் ஒரு படி மேலே போகிறது. வினாடிக்குச் சுமார் 20,000 முறை அதிரும் ஒரு தண்டை உருகிய உலோகத்தில் அமிழ்த்தினால் நுண்குமிழிகள் தோன்றி, வளர்ந்து, சட்டென்று நொறுங்கும். அந்த அதிர்ச்சி படிகங்களை உடைக்கிறது. இரும்பு ஊசிகளும் குறுகிச் சிறு துண்டுகளாகின்றன. உலோகத்தில் கரைந்திருக்கும் ஹைட்ரஜனும் குமிழிகளில் சேர்ந்து மேலெழுந்து வெளியேறுகிறது. இந்த வாயு உள்ளேயே தங்கினால் வார்ப்பில் துளைகள் விழும். எங்கள் பட்டறை வகுப்பில் நாங்கள் வார்த்த ஒரு துண்டை அறுத்தபோது, உள்ளே ஊசிமுனை அளவில் துளைகள் தெரிந்தன. வெளியே பளபளத்த ஒன்றை இனி நம்பக்கூடாது என்று அன்று புரிந்தது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ரஷ்ய உலோகவியலாளர் திமித்ரி செர்னோவ் 1870-களிலேயே, உறையும் எஃகை அசைத்தால் படிகங்கள் நுண்மையாகும் என்று எடுத்துரைத்தார். பின்னர் சோவியத் ஒன்றியத்தில் கியோர்கி எஸ்கின் மீயொலியை இலேசான உலோகங்களுக்குப் பயன்படுத்தி விரிவாக ஆராய்ந்தார். இன்று லண்டனின் புருனெல் பல்கலைக்கழகம் இத்துறையில் முன்னணியில் உள்ளது.

பிறகு ஏன் எல்லா வார்ப்பாலைகளிலும் இது இல்லை? முதலாவதாக, குமிழிகள் நொறுங்கும் பகுதி தண்டின் முனையைச் சுற்றிச் சிறிதளவே. பல டன் கொள்ளும் உலைக்கு அது போதாது. இரண்டாவதாக, ஏறக்குறைய 700 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தண்டே அரித்துப் போகிறது. எனவே உலையை விட்டுவிட்டு, உலோகம் ஓடிவரும் வாய்க்காலில் வைத்தே அதிர்வு கொடுக்கும் முறையைப் புருனெல் ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள்.

மாங்கனீசு சேர்த்தாலும் இரும்பு ஊசிகள் தீங்கு குறைந்த வடிவத்திற்கு மாறும்; அது மலிவான, பழக்கப்பட்ட வழி. ஆனால் சேர்த்த மாங்கனீசு உலோகத்திலேயே தங்கி, அடுத்த முறை உருக்குபவருக்குப் புதிய சுமையாகிறது. அதிர்வு உலோகத்தில் எதையும் சேர்ப்பதில்லை. ஒரே உலோகத்தைப் பலமுறை சுழற்சியில் விட வேண்டிய காலத்தில் இந்த வேறுபாடு பெரியது. அதற்காக இதை மந்திரக்கோலாக எண்ண வேண்டாம். இரும்பு உள்ளேயேதான் இருக்கிறது. பழைய பொருள்களைத் தொடக்கத்திலேயே தரம் பிரிப்பதற்கு ஈடான தீர்வு எதுவுமில்லை. தரம் பிரித்த பின்னும் எஞ்சும் இரும்புக்கு அதிர்வு துணை நிற்கும்.

பொறியியல் என்றாலே கணினி என்று எண்ணும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட ஒரு கருத்து, ஆய்வுக்கூடத்திலிருந்து வார்ப்பாலைக்கு முழுமையாக வந்துசேர இன்னும் காத்திருக்கிறது. எளிதில் அரிக்காத தண்டு எது, வாய்க்கால் எப்படி அமைய வேண்டும், எவ்வளவு நேரம் அதிர்வு போதும் என்பனவெல்லாம் விடை தேடும் கேள்விகள். படிவம் 4 இயற்பியலில் வெப்பமும் அலையும் படிப்பவர்களுக்கு அடித்தளம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அடுத்த முறை அந்த லாரி உங்கள் வீட்டைக் கடக்கும்போது, அலுமினியத்தை இரும்போடு கலக்காமல் தனியாகக் கட்டிக் கொடுங்கள். அது இன்றே செய்யக்கூடியது.