நகல் என்று நகைக்கலாமா?

‘நகல்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ஓர் இளக்காரம் பிறந்துவிடுகிறது. அசலுக்கே மதிப்பு, நகல் வெறும் போலி என்பது பொதுவான எண்ணம். முதல் உலகப் போர்க் காலத்து இரட்டை இறக்கைப் போர் விமானங்களை இன்று தம் கைகளாலேயே கட்டிப் பறக்கவிடுவோரைப் பற்றிப் படித்த பின்னர், இவ்வெண்ணம் சரியன்று என்பதே என் துணிபு.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் 1973-இல் ‘நார்தர்ன் ஏரோப்ளேன் ஒர்க்ஷாப்ஸ்’ என்ற தன்னார்வக் குழு தோன்றியது. ஊதியம் கிடையாது, ஆர்வமே முதலீடு. மூன்றடுக்கு இறக்கை கொண்ட ‘சாப்வித் ட்ரிப்ளேன்’ ஒன்றை முதலில் கட்டத் தொடங்கினார்கள். அந்த விமானத்தைப் போர்க் காலத்தில் உருவாக்கிய நிறுவனத்தின் தலைவர் சர் தாமஸ் சாப்வித் அப்போது உயிரோடிருந்தார். குழுவின் வேலைத் திறத்தை அறிந்த அவர், அதை நகல் எனக் கருதாமல், தம் தொழிற்சாலையிலிருந்து காலந்தாழ்த்தி வெளிவந்த விமானமாகவே ஏற்றுக்கொண்டாராம்! பின்னர் அக்குழுவினர் ‘கேமல்’ என்னும் இரட்டை இறக்கை விமானத்தை மேற்கொண்டனர். ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்புக்குப் பின், 2017-இல் ஓல்டு வார்டன் என்னும் இடத்தில் அது வானில் எழுந்தது.

இத்தனை ஆண்டுகள் ஏன் என்று கேட்கலாம். அந்த விமானத்தின் எலும்புக்கூடு மரம், நரம்பு கம்பி, தோல் லினன் துணி. துணியின்மேல் பூசும் பூச்சு உலரும்போது அதைச் சுருக்கி, மத்தளத் தோல் போல இறுக்குகிறது. எஞ்சினோ இன்னும் விந்தை. அச்சு அசையாமல் நிற்க, சிலிண்டர்களே விசிறியோடு சேர்ந்து சுழல்கின்றன. மசகெண்ணெய் எது தெரியுமா? நம் வீட்டு விளக்கெண்ணெய்தான்! சுழலும் எஞ்சினின் விசையால் கேமல் வலப்புறம் திரும்பினால் மூக்கு தாழும். இடப்புறம் திரும்பினால் மூக்கு உயரும். இதைப் பௌதிக நூலில் படித்துத் தேர்வும் எழுதிவிடலாம். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கட்டியவன் கையும் ஓட்டியவன் கையும் அறிந்த அறிவு, அவர்களோடு மறைந்துவிடாமல் காப்பது இத்தகைய நகல்களே.

மற்றொரு பயனும் உண்டு. பழைய விமானத்தைப் பறக்கவைக்க வேண்டுமானால், நைந்த துணியையும் உளுத்த மரத்தையும் மாற்றியாக வேண்டும். மாற்ற மாற்ற, வரலாற்றுச் சான்று குறைகிறது. நகல் பறந்தால் அசல் அமைதியாக அருங்காட்சியகத்தில் இருக்கலாம் அல்லவா?

‘கொலைக் கருவிக்கு மறுபிறவி எதற்கு?’ என்று நண்பர்கள் வினவுகிறார்கள். நியாயமான வினா. இந்திர லால் ராய் என்ற வங்க இளைஞரை நினைத்துப் பார்க்கிறேன். ‘எஸ்.இ. 5ஏ’ என்ற இரட்டை இறக்கை விமானத்தில் பறந்து, 1918 ஜூலையில் இரு வாரத்திற்குள் பத்து வெற்றிகளைப் பெற்றவர். அதே மாதம் 22-ஆம் நாள் வீழ்ந்து மாண்டார். வயது பத்தொன்பது! நம் வகுப்பில் அமர்ந்திருக்க வேண்டிய வயது. அன்றைய பிரிட்டிஷ் விமானிகளுக்குப் பாராசூட்டும் தரப்படவில்லை. மரச்சட்டத்தையும் துணியையும் நேரில் தொட்டுப் பார்ப்பவன், போரை வீரக்கதையாக மட்டும் காணமாட்டான். எத்தனை மெல்லிய பொருளை நம்பி இளைஞர்களை அனுப்பினார்கள் என்று திடுக்கிடுவான்.

மாணவ நண்பர்களே! நாம் பட்டம் பெற்று வெளியேறும்போது, நம் கையால் முழுமையாகச் செய்து முடித்த பொருள் ஒன்றாவது நம்மிடம் இருக்குமா? விமானம் வேண்டாம், ஓடக்கூடிய ஒரு சிறு எஞ்சின் மாதிரி போதும். மாலை நேரங்களில் ஒரு பட்டறை அறையைத் திறந்துவைக்க நம் ஆசிரியப் பெருமக்கள் மனம் வைக்க வேண்டும். வரலாறும் விஞ்ஞானமும் அங்கே ஒரே மேசையில் அமரட்டும்.