சைலன்சர் ஒட்டு யார் பொறுப்பு?

தோட்டத் தொழிலாளிக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது. பினாங்கு வியாபாரி லோ பூன் சியூ 1950களின் இறுதியில் ஹோண்டா வண்டிகளை இந்நாட்டில் விற்கத் தொடங்கியபோது, தள்ளி நின்று வேடிக்கை பார்த்தவர்கள் நம் பெரியவர்கள். இன்றைய நிலைமை வேறு. தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் ரப்பர் குறைந்து செம்பனை பெருகிவிட்டது, லயங்களும் குறைந்துவிட்டன. தொழிலாளர்களில் பலர் கம்பத்திலும் தாமானிலும் குடியிருக்கிறார்கள். விடிவதற்கு முன் பெரட்டில் நிற்க வேண்டுமானால் காப்சாய் வண்டியை விட்டால் அவர்களுக்கு வேறு வழியில்லை. பால் வெட்டும் உளி எப்படியோ அப்படித்தான் இந்த வண்டியும். ஆனால் உளியைப் பற்றிப் பேசத் தயாராக இருக்கும் நிர்வாகங்கள், வண்டி என்றதும் "அது உங்கள் சொந்த விஷயம்" என்று கையை விரித்து விடுகின்றன.

செக்ரோல் எழுதும் கிராணி என்ற முறையில், தாமதமாக வருகிறவர்கள் சொல்லும் காரணங்களையெல்லாம் நான் கேட்டு வருகிறேன். டயர் பஞ்சருக்கு அடுத்தபடியாக அடிக்கடி காதில் விழுவது, "சைலன்சர் கழன்று தொங்கிவிட்டது" என்பதுதான். சைலன்சரின் பின்பக்கத்தை வண்டிச் சட்டத்தோடு பிடித்துக் கொள்வது ஒரு சிறிய இரும்புத் தகடு. பட்டறைக்காரர்கள் பிராக்கெட் என்பார்கள். அது அறுந்தால் குழாயின் பாரம் முழுவதும் என்ஜின் வாயிலுள்ள இரண்டு நட்டுகளின் மேல் விழுகிறது. கேஸ்கட் கிழிகிறது, சத்தம் ஊரைக் கூட்டுகிறது, சாலையில் போலீஸ் நிறுத்துகிறது. ஓடும்போதே குழாய் தரையில் மாட்டினால் ஆளையே கவிழ்த்துவிடும்.

இந்தத் தகடு ஏன் அறுகிறது? பலர் நினைப்பது போல ஒரே குழியில் விழுந்ததால் அல்ல. என்ஜின் நிமிஷத்துக்கு 6,000 சுற்று சுற்றினால், ஒரு மணி நேரத்தில் 3,60,000 தடவை அந்தத் தகடு அதிர்கிறது. போதாக்குறைக்குத் தோட்டத்துச் செம்மண் பாதை. பின்னால் ஒட்டுப்பால் சாக்கு. 20 லிட்டர் பால் வாளி இரண்டு ஏற்றினால் அதுவே 40 கிலோ. ஒவ்வொரு அதிர்வும் சிறியதுதான், ஆனால் அடிமேல் அடி விழ இரும்பும் களைத்துப் போகிறது. 1842இல் பிரான்சு தேசத்தில், வெர்சேய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் என்ஜின் அச்சு முறிந்து, ஐம்பது பேருக்கு மேல் மாண்டார்கள். அதற்குப் பின் ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் வோலர் பல வருஷங்கள் அச்சுகளைச் சுழற்றிச் சோதித்து, முறிக்கப் போதாத பாரமும் திரும்பத் திரும்ப விழுந்தால் இரும்பை முறித்துவிடும் என்று காட்டினார். தாசேக் கெலுகோர் ஸ்டேஷனைத் தாண்டிப் போகும் ரயிலின் அச்சுக்கு உள்ள விதிதான் நம் சைலன்சர் தகட்டுக்கும்.

இது தெரியாததால் நம் தோழர்கள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. சில நூறு வெள்ளிக்கு வெல்டிங் பெட்டி கிடைக்கும் காலம் இது. யார் வீட்டிலாவது ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், அறுந்த இடத்தின் மேல் குச்சியைக் கரைத்துக் குவித்து, "இனி யானை கட்டினாலும் அறாது" என்று திரும்புகிறார்கள். மாதம் திரும்புவதற்குள் அது ஒட்டின் ஓரத்திலேயே அறுகிறது. குவித்த இரும்பு அசையாது; பக்கத்திலுள்ள மெல்லிய தகடு அசையும். இரண்டும் சேரும் கோட்டில்தான் விரிசல் பிறக்கிறது. பலம் கூட்டினோம் என்று நினைத்து, பலவீனத்தை விரலளவு தள்ளி வைத்ததுதான் மிச்சம்.

ஒட்டக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. 26 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 65 வெள்ளி சொச்சம். இந்த வருமானத்தில் தகடு அறுந்ததற்கெல்லாம் புதுச் சைலன்சர் வாங்கு என்று யார் சொல்ல முடியும்? ஒட்டுவதைச் சரியாக ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். விரிசலின் முனையில் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் அது மேலும் ஓடாது. பெயின்டையும் துருவையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, விரிசலைக் கிரைண்டரால் பள்ளமாக்கி, 2 மில்லிமீட்டர் குச்சியில், 50 ஆம்பியர் அளவில், கொஞ்சம் கொஞ்சமாக ஆறவிட்டு நிரப்ப வேண்டும். பிறகு அதன்மேல் ஒரு துண்டுத் தகடு வைத்து, பாரத்தை அகலப் பரப்ப வேண்டும். அதன் மூலைகள் வட்டமாக இருக்கட்டும், கூர் மூலை விரிசலுக்கு அழைப்பு. சில வண்டிகளில் இந்தப் பிடியில் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். அது நைந்துவிட்டது என்று எடுத்தெறிந்துவிட்டு இரும்போடு இரும்பாக ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதிர்ச்சியை வாங்கிக் கொள்ளத்தானே அதை வைத்தார்கள்! நாம் வெட்டிய பாலின் அருமை நமக்கே தெரியவில்லையென்றால் என்ன செய்வது?

மாட்டும்போது இரண்டு பக்கமும் தளர்வாக மாட்டி, முதலில் என்ஜின் வாய் நட்டுகளையும் பிறகு பிராக்கெட்டையும் முறுக்க வேண்டும். துளை சேராமல் கம்பி போட்டு நெம்பி மாட்டிய பிராக்கெட், வண்டி நகருமுன்பே பாதி அறுந்தது போலத்தான்.

வீட்டு முற்றத்தில் ஒட்டுவதன் ஆபத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. காப்சாய் வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. அதற்கு ஒரு முழம் கீழே தீப்பொறி பறக்க விடுவதா? சைலன்சரைக் கழற்றித் தூரக் கொண்டுபோய்த்தான் ஒட்ட வேண்டும். வெறுங்கண்ணால் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால், இரவில் கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போல் எரியும். வேடிக்கை பார்க்க நின்ற பிள்ளைகளுக்கும் அதே கதிதான். நாகம் பூசிய தகட்டைச் சுட்டால் வரும் புகை, குளிர் காய்ச்சலைக் கொடுக்கும். வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017இல் தீர்மானித்தது. காற்றோட்டமில்லாத சமையலறைப் பின்கட்டில் உட்கார்ந்து செய்யும் வேலையா இது?

தோட்டத்தில் டிராக்டருக்கும் டிரெயிலருக்கும் பட்டறை உண்டு. வெல்டிங் பெட்டி, முகமூடி, கையுறை, வேலை தெரிந்த ஆள் எல்லாம் அங்கே இருக்கின்றன. டிரெயிலர் கொக்கி அறுந்தால் அன்றே ஒட்டப்படுகிறது. தொழிலாளியின் வண்டி அறுந்தால் மட்டும் அது சொந்த விஷயமாகிறது. 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தையும் பெர்கேசோ வேலை விபத்தாக எடுத்துக் கொள்கிறது. போகும் வழி வேலையைச் சேர்ந்தது என்று சட்டமே ஒப்புக்கொண்ட பிறகு, அந்த வழியில் ஓடும் வண்டி மட்டும் எப்படி வேலையைச் சேராமல் போகும்?

"எல்லார் வண்டியையும் பட்டறைக்குள் விட்டால் டிராக்டர் வேலை கெட்டுப் போகும்" என்பார்கள். நாள் முழுவதும் திறந்துவிடச் சொல்லவில்லையே! அடுத்த கிளைக் கூட்டத்தில் நான் வைக்கவிருக்கும் யோசனை இவ்வளவுதான்: பால் நிறுத்துக் கொடுத்த பிறகு, வாரத்தில் ஒரு மாலை இரண்டு மணி நேரம் பட்டறை தொழிலாளர் வண்டிகளுக்குத் திறந்திருக்க வேண்டும். குச்சியும் தகடும் அடக்க விலைக்கு. கூலி நிர்வாகத்தின் பொறுப்பு. நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசத் தோழருக்கும் இந்தோனேசியத் தோழருக்கும் இதே உரிமை உண்டு. வண்டி வைத்திருக்கும் தோழர்கள், கடந்த ஆறு மாதத்தில் இதனால் இழந்த வேலை நாட்களையும் செய்த செலவையும் ஒரு தாளில் எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுக்கவும். செக்ரோலோடு ஒப்பிட்டுக் கணக்குக் கூட்டித் தரும் வேலையை நான் ஏற்றுக் கொள்கிறேன்.