பச்சைத் திரையில் நாவற்குழிப் பாலம்

1995ஆம் ஆண்டு இடப்பெயர்வைப் பன்னிரண்டு நிமிடக் குறும்படமாக எடுக்க இளைஞர் குழுவொன்று முனைந்திருக்கிறது. நடிகர்களை ஒரு மண்டபத்தில் பச்சைத் திரைக்கு முன்னால் நடக்கவைத்து, வீதியையும் பாலத்தையும் வானத்தையும் கணினியில் கட்டிச் சேர்ப்பது அவர்களது திட்டம். திட்ட வரைவை எனக்கும் வாசிக்கத் தந்தார்கள். முதற் பக்கத்திலேயே இரண்டு கிபிர் விமானங்கள் தாழப் பறந்து குண்டு வீசுகின்றன. கிபிர் இலங்கை விமானப்படைக்கு வந்தது 1996இல்! 1995இல் எம் தலைக்கு மேல் பறந்தவை புக்காராவும் சியாமாசெட்டியும்தான். நவாலித் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது அவ்வாண்டு யூலை 9இல் குண்டு விழுந்தபோது கிபிர் என்ற பெயரையே எம்மில் எவரும் அறிந்திருக்கவில்லை.

இதைச் சிறு பிழையென்று தள்ளிவிட முடியாது. முதலில் விமானத்தை வரைந்துவிட்டு, அதன் பின்னரே கதையைத் தேடியிருக்கிறார்கள் என்பதற்கு இதுவே சான்று.

கணினியில் செற் போடுவது பொய், மண்ணில் நின்று எடுப்பதே உண்மை என்று வாதிடும் மூத்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எந்த மண்ணில் நின்று எடுப்பது? கண்டி வீதி இன்று காபெற் வீதி. இரு மருங்கும் மின்கம்பங்களும் தொலைபேசிக் கோபுரங்களும் நிற்கின்றன. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 1995இலோ தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. இன்றைய நாவற்குழியை அப்படியே படம்பிடித்தால் அதுதான் பொய். ஆகவே கணினி வேண்டும். ஆனால் அதற்குள்ள முதல் வேலை இருப்பவற்றை அழிப்பது. தம்பிமாரோ அதனிடம் சேர்க்கும் வேலையை மாத்திரமே கேட்கிறார்கள்.

வரைவிலுள்ள வீதிக் காட்சியில் கடைகளின் வெளிச்சம் ஈரத் தெருவில் பளபளக்கிறது. 1990இலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சை வைத்து, அதில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றித் திரி கொளுத்திப் பிள்ளைகள் படித்தார்கள். வானொலிச் செய்தி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றினார்கள். ஒக்ரோபர் 30 இரவு அந்த வீதி இருட்டாகத்தான் இருந்தது, மழையும் பெய்தது. ஓர் அரிக்கன் லாம்பு, எங்கோ ஒரு லான்ட் மாஸ்ரரின் முன்விளக்கு, அவ்வளவுதான். முன்னால் போனவரின் முதுகைத் தவிர வேறெதையும் கண்டதாக நடந்தவர்கள் சொல்வதில்லை.

இதில் அவர்கள் கவனிக்காத ஒரு இலாபமும் இருக்கிறது. இருட்டான செற்றில் கட்ட வேண்டியது குறைவு. மண்டபத்துக்குள் மழையைக் கொட்டிப் பச்சைத் திரையின் முன்னால் எடுத்தால் நனைந்த தலைமயிரிலும் நீர்த்துளியிலும் தரையிலும் பச்சை ஏறிவிடும். அதைப் பிரித்தெடுப்பதற்குள் ஆண்டு திரும்பிவிடும். அதைவிட, கரைச்சலில்லாத ஓர் ஒழுங்கையில், இரவில், மெய்யான மழைக்குள் முப்பது பேரை நடக்கவைக்கலாம். கமெராவை அசையாமல் நிறுத்தி, அதே முப்பது பேரை இடம் மாற்றிப் பத்துத் தடவை எடுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் முந்நூறு பேராவார்கள். பாலமும் கடனீரேரியும் அவர்களுக்குப் பின்னால் கணினியிலிருந்து வரட்டும். கமெராவின் உயரம், வில்லை, விளக்கு வந்த திசை ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். இல்லாவிடில் பாலம் ஒரு பக்கம் சாயும், மனிதர் மறுபக்கம் நடப்பார்கள்.

பணமில்லை, ஆளில்லை என்ற புலம்பலையும் விட்டுவிடுங்கள். 'கொட்சிலா மைனஸ் வன்' என்ற யப்பானியப் படத்தின் 610 கணினிக் காட்சிகளைச் செய்தவர்கள் வெறும் 35 பேர். இயக்குநர் யமசாக்கியே காட்சி விளைவுகளுக்கும் பொறுப்பாக இருந்து 2024இல் ஒஸ்கார் விருது பெற்றார். அழிந்துபோன தோக்கியோவின் தகரக் கொட்டில்களை அவர்கள் மெனக்கெட்டுக் கட்டியிருந்ததால்தான் அந்தப் பூதமும் நம்பும்படியாக நின்றது.

என் கோபத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. பன்னிரண்டு நிமிடத்தில் விமானம் நான்கு தடவை வருகிறது. ஒலிபெருக்கி ஒரு தடவைகூட வரவில்லை. ஒக்ரோபர் 17இல் தொடங்கிய 'ரிவிரெச' படையெடுப்பு வலிகாமத்தை நெருங்கிக்கொண்டிருந்தது உண்மை. எல்லோரும் உடனடியாக வெளியேற வேண்டும் என்று வீதி வீதியாக அறிவித்தவர்கள் புலிகள் என்பதும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்தால் அது எந்தத் தரப்பின் பிரசாரம் என்று பார்ப்பவன் கேட்பான். இன்னுமொன்று. அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகள் முன்னர், 1990இன் அதே ஒக்ரோபர் 30ஆம் திகதியன்று, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். நகரத்தைக் கணினியில் கட்டப் போகிறவர்கள் சோனகத் தெருவையும் கட்டுவார்கள் அல்லவா? அந்த ஆளில்லா வீடுகளைத் தாண்டி உங்கள் பாத்திரம் மூட்டையோடு நடந்து போகட்டும். வசனம் ஒன்றும் வேண்டாம்.

வரைவின் இறுதிப் பக்கம்தான் மிக ஆபத்தானது. கடைசி ஒன்றரை நிமிடத்தை, யாரோ மறைந்திருந்து எடுத்த பழைய வீடியோ நாடாவைப் போலக் கோடும் புள்ளியுமாக மாற்றி, அப்பகுதியைத் தனியாக இணையத்தில் உலவ விடுவதாம். இதைச் செய்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2014 நவம்பரில் சூட்டுக்கு நடுவே ஒரு சிறுமியைக் காப்பாற்றும் சிரியச் சிறுவன் என்று ஒரு வீடியோவைப் பல மில்லியன் மக்கள் பார்த்தார்கள். அது லார்ஸ் கிளெவ்பெர்க் என்ற நோர்வே இயக்குநர் மோல்ற்றாவில் நடிகர்களை வைத்து எடுத்த படம். அதன் பின் சிரியாவிலிருந்து உண்மையாகவே வந்த படங்களையும் பொய்யென்று சொல்ல விரும்பியவர்களுக்கு அது எவ்வளவு வசதி!

எமக்கு இது தூரத்துக் கதையல்ல. 2009 ஓகஸ்டில் சனல் 4 ஒளிபரப்பிய கொலைக் காட்சிகளை அரசு போலியென்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் நிபுணர்களைக் கொண்டு ஆராய்வித்து, அது உண்மையானதாகவே தோன்றுகிறது என்று 2010 சனவரியில் அறிவிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு சட்டகத்துக்காகவும் வழக்காட வேண்டிய நிலையிலுள்ள ஒரு சமூகத்தில், போலி நாடா செய்வது கலையல்ல. எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குச் சம்பளமில்லாமல் செய்யும் ஊழியம். காணாமற்போன பிள்ளையின் படத்தோடு வீதியோரம் குந்தியிருக்கும் தாய்மாரின் கையிலிருப்பதும் ஒரு படம்தான் என்பதை இவர்கள் யோசித்தார்களா?

ஆகவே அந்த ஒன்றரை நிமிடத்தை வெட்டுங்கள். படத்தின் தொடக்கத்திலே மட்டுமல்லாமல், துண்டாக வெட்டிப் பரப்பினாலும் பிரியாதபடி ஒவ்வொரு காட்சியின் மூலையிலும் 'நடித்துக் காட்டப்பட்டது' என்று எழுதுங்கள். அழகு கெட்டால் கெடட்டும். கிபிர் இரண்டையும் அழித்துவிட்டு, அந்தக் கணினி நேரத்தில் சாவகச்சேரிப் பக்கம் போய், அன்று பாலத்தைக் கடந்த பத்துப் பேரிடம் கையில் என்ன கொண்டு போனீர்கள் என்று கேட்டு வாருங்கள். அதன் பிறகு திருத்திய வரைவைத் தந்தால் வாசிக்கிறேன்.