மூன்று பச்சையும் ஒரு சிவப்பும்

ஏ.எல். எழுதி முடிச்சு கம்பஸ் போகும் வரைக்கும் இருக்கிற அந்த நீண்ட இடைவெளி எங்களில் கனபேருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ஏழு மாதம் நான் கொழும்பில் ஒரு கோல் சென்டரில் வேலை செய்தேன். தமிழில் எடுக்கிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் வேலை.

மண்டபத்தின் முன்சுவரில் ஒரு பெரிய திரை இருந்தது. எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், எத்தனை வீதமான கோல்களுக்கு நேரத்துக்குப் பதில் போனது, ஒவ்வொருவரும் ஒரு கோலுக்குச் சராசரியாக எத்தனை நிமிடம் எடுக்கிறோம், எந்தெந்த சிஸ்டம் ஓடுகிறது, எல்லாம் பச்சை, மஞ்சள், சிவப்பில் அதில் வரும். இதைத்தான் டாஷ்போட் என்கிறார்கள். காலையில் வந்ததும் சூப்பர்வைசர் முதலில் எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார், அதைத்தான் பார்ப்பார்.

ஒருநாள் மூதூரில் இருந்து ஒரு அம்மா எடுத்தா. போனில் காசு வெட்டுப்படுகிறது, ஏதோ இங்கிலிஷில் மெசேஜ் வருகிறது, என்னெண்டு விளங்கவில்லை. "நாலாவது தரம் எடுக்கிறன் மகள், நீங்களாவது வைக்காமக் கதையுங்கோ" எண்டா. அவ கேட்காத ஒரு சேவை அவவின் நம்பரில் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்து, நிறுத்தி, விளங்கப்படுத்தி முடிக்கப் பதினொரு நிமிடம். எங்களுக்குக் கொடுத்திருந்த அளவு நாலு நிமிடம். என் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு விழுந்தது.

பிறகு அவவின் பழைய பதிவுகளைப் பார்த்தேன். அதற்கு முதல் எடுத்த மூன்று கோலும் மும்மூன்று நிமிடத்துக்குள் முடிந்திருந்தன. ஒன்றிலும் பிரச்சினை தீரவில்லை. ஆனால் மூன்றும் பச்சை. தீர்ந்த கோல் மட்டும்தான் சிவப்பு.

அந்த மூன்று பேரையும் நான் குறை சொல்லமாட்டேன். மாதக் கடைசியில் ஊக்கத்தொகை அந்த நிறத்தில்தான் தங்கியிருந்தது. நாலு நிமிடம் நெருங்கினால் "திரும்ப எடுத்துப் பாருங்கோ" எண்டு சொல்லி வைக்க நானும் பழகியிருந்தேன். ஓர் அளவையே இலக்காக வைத்தால் அது நல்ல அளவாக இருக்காது என்ற கருத்துக்கு ஆங்கிலப் பொருளியலாளர் சார்ள்ஸ் குட்ஹார்ட்டின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் 1975இல் பணக் கொள்கை பற்றிச் சொன்ன விசயம் அது. கம்பஸில் அதைப் படித்தபோது எனக்கு அந்த அம்மாவின் குரல்தான் ஞாபகம் வந்தது.

இதை விடப் பெரிய பிரச்சினை சராசரி. இந்தத் துறையில் பரவலாக வைக்கிற இலக்கு ஒன்று இருக்கிறது: நூற்றுக்கு 80 கோலுக்கு 20 செக்கனுக்குள் பதில் சொல்ல வேண்டும். இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 100 கோலில் 10 தமிழில் வருகிறது என்று வையுங்கள். மற்ற 90க்கும் நேரத்துக்குப் பதில் போகிறது. தமிழில் எடுத்த பத்துப் பேரும் கால்மணித்தியாலம் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். திரையில் என்ன வரும்? 90. நல்ல பச்சை. ஒரு மொழிக்காரர் முழுப்பேரும் காத்து நின்றாலும் இலக்கு தாண்டியாச்சு! தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் இருக்கிறது. ஆனால் எங்கள் திரையில் தமிழுக்கு என்று ஒரு தனிப் பெட்டி கூட இருக்கவில்லை.

சிஸ்டம் பக்கமும் இதே கதைதான். ஒரு சேவை 99.9 வீதம் இயங்கியது என்றால் கேட்க வடிவாக இருக்கும். முப்பது நாள் மாதத்தில் மிச்சம் 0.1 வீதம் ஏறக்குறைய 43 நிமிடம். அது விடியப்புறம் மூன்று மணிக்குப் போனால் ஒருவருக்கும் தெரியாது. பில் கட்டக் கடைசி நாள் பின்னேரம் போனால் வரிசை நிரம்பி வழியும். இரண்டுக்கும் திரையில் ஒரே இலக்கம்தான்.

சில நேரம் பச்சை முழுப் பொய்யாகவும் இருக்கும். 2017 பெப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற சேமிப்புச் சேவை அமெரிக்காவின் வேர்ஜினியா பகுதியில் விழுந்தது. கட்டளை ஒன்றைப் பிழையாகக் கொடுத்ததில் நினைத்ததை விடக் கூடுதலான சேர்வர்கள் கழன்றுவிட்டன. கனக்க இணையத்தளங்கள் நின்றுபோயின. ஆனால் சேவைகளின் நிலையைக் காட்டுகிற அமேசானின் பக்கத்தில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் அதை மாற்ற முடியவில்லை. ஏனென்றால் அந்தப் பக்கத்தை இயக்குவதற்கும் எஸ்3தான் தேவைப்பட்டது. அவர்கள் ட்விட்டரில் வந்து சொல்ல வேண்டியதாப் போச்சு.

அதற்காக டாஷ்போட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது இல்லாத இடத்தில் யார் சத்தம் போடுகிறாரோ அவருடைய பிரச்சினைதான் முதலில் பார்க்கப்படும், அதுவும் அநியாயம்தான். சிஸ்டம் பார்க்கிற பொறியியலாளர்கள் சராசரியை மட்டும் நம்புவதில்லை. ஒரு பக்கம் திறக்க எடுக்கிற நேரத்தை அளக்கும்போது, ஆகவும் மெதுவாகக் கிடைத்த கடைசி 5 வீதத்தையோ 1 வீதத்தையோ தனியாக எடுத்துப் பார்ப்பார்கள். பிரச்சினை அந்த வாலில்தான் முதலில் தெரியும். சேர்வருக்குக் கொடுக்கிற அந்தக் கவனத்தை வரிசையில் நிற்கிற மனிசருக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கேட்பது பெரிய விசயமில்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று வரிசையையும் தனித்தனியாகக் காட்டுங்கள். ஒரே ஆள் ஒரே பிரச்சினைக்கு எத்தனையாவது தரம் எடுக்கிறார் என்பதை எண்ணுங்கள், நிமிடத்தை அதற்குப் பிறகு எண்ணலாம். என்ன அளக்கிறது என்று முடிவெடுக்கிற கூட்டத்தில் ஹெட்செட் போட்டு இருக்கிற ஒருவரையும் இருத்துங்கள். மூன்றாவதைத்தான் ஒருவரும் விரும்பமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நான் இதில் ஒன்றையும் அங்கே கேட்கவில்லை. பத்தொன்பது வயசு, முதல் வேலை, பயம். சிவப்புக்கு "சொறி சேர்" சொல்லிவிட்டு அடுத்த கோலை எடுத்தேன். இந்த வருசமும் ஏ.எல். முடித்த கனபேர் அப்படி ஒரு கதிரையில் போய் இருக்கப் போகிறீர்கள். பயிற்சி நாளில் "ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்பார்கள். கையை உயர்த்தி இதைக் கேளுங்கோ: "சேர், தமிழ் வரிசை இதில எங்க இருக்கு?"