பழைய க்ளையன்ட் திரும்பக் கூப்பிடுறாரா? முதல்ல பழைய கணக்கை எடுங்க

ஆபீஸ் முடிஞ்சு ராத்திரியிலயும் சனி, ஞாயிறுலயும் டிசைன், வெப்சைட், வீடியோ எடிட்டிங்னு தனியா பண்றவங்க நம்மள்ல நிறைய பேர். போன வருஷம் உங்களைப் பாடாப்படுத்தின க்ளையன்ட், திடீர்னு "ஒரு சின்ன வேலை இருக்கு, ஃப்ரீயா?"ன்னு வாட்ஸ்அப்ல கேட்கிறார். என்ன பண்றது?

கோபத்துல பிளாக் பண்ணவும் வேண்டாம், வர்ற காசை ஏன் விடணும்னு உடனே ஓகே சொல்லவும் வேண்டாம். அவர் எதுல கஷ்டம் கொடுத்தார்னு பாருங்க.

வேலையில மட்டும்னா, அதுக்கு மருந்து விலைதான். 25 மணி நேர வேலைன்னு நினைச்சு 20,000 ரூபாய்க்கு ஒத்துக்கிட்டீங்க. மணிக்கு 800 ரூபாய். திருத்தம், ஃபோன் எல்லாம் சேர்த்து 40 மணி நேரம் ஆயிடுச்சுன்னா, கிடைச்சது மணிக்கு 500தான். இந்தத் தடவை 32,000 கேளுங்க. திருத்தம் 2 தடவை மட்டும்னு மெயில்ல எழுதிடுங்க. ஒத்துக்கிட்டா தாராளமா செய்யலாம்.

பணத்துல இழுத்தடிச்சவர்னா கதையே வேற. 20,000 தராதவர் 32,000 மட்டும் தந்துடுவாரா? இங்க விலையை ஏத்திப் பிரயோஜனம் இல்ல. பழைய பாக்கி முதல்ல வரணும். டிடிஎஸ் பிடிச்சேன்னு சொல்லியிருந்தா, அது உங்க வரிக் கணக்குல ஏறியிருக்கான்னு பாருங்க; ஏறலைன்னா அதுவும் பாக்கிதான். புது வேலைக்குப் பாதி அட்வான்ஸ், மீதி வந்த பிறகுதான் ஃபைனல் ஃபைல். "என் மேல நம்பிக்கை இல்லையா?"ன்னு கேட்டார்னா, உங்களுக்குப் பதில் கிடைச்சாச்சு.

ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே உத்யம் போர்ட்டல்ல இலவசமா பதிவு பண்ணியிருந்தா, 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி பேமென்ட்டை 45 நாளுக்கு மேல இழுக்க முடியாது. இழுத்தா ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல 3 மடங்கு கூட்டு வட்டி தரணும். ஆனா வெளி வேலை பண்ண உங்க கம்பெனி அனுமதிக்குதான்னு ஆஃபர் லெட்டரை ஒரு தடவை படிச்சிடுங்க.

முழுநேர ஃப்ரீலான்சர் வீட்டு வாடகைக்காக இவரைச் சகிச்சுக்க வேண்டியிருக்கலாம். உங்களுக்கு மாசா மாசம் சம்பளம் வருது. பிடிக்காத டீலுக்கு வேண்டாம்னு சொல்ற தைரியத்தை அந்தச் சம்பளம்தான் தருது. அதை இங்க பயன்படுத்தாம வேற எங்க பயன்படுத்தப் போறீங்க?