பெயரில் நிற்கும் எண்

பழந்தமிழ் நூல்கள் பலவற்றின் பெயரிலேயே எண் அமைந்திருக்கிறது. புறநானூறு என்றதும் அது புறப்பொருள் பற்றிய நானூறு பாடல்களின் தொகை என்பது விளங்குகிறது. ஐங்குறுநூறு, குறுகிய அடிகளாலான ஐந்நூறு பாடல்களைக் குறிக்கிறது. சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றன் பெயரால் வழங்கும் திரிகடுகம், ஒவ்வொரு வெண்பாவிலும் மூன்று கருத்துகளைச் சொல்கிறது. பெயரில் உள்ள எண், நூலின் உள்ளே இருப்பதை எண்ணிக் கூறுகிறது. ஐயமுற்றோர் ஏட்டைப் புரட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இக்காலத்தில் மென்பொருள்களும் திரைப்படங்களும் எண்ணைப் பெயராகச் சூடிக்கொள்கின்றன. இவ்வெண்கள் எதனை எண்ணுகின்றன? அவற்றை நம்பிப் பொருளையும் பொழுதையும் செலவிடுவோர் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுவே.

புள்ளிகளுக்கு இடையே ஒரு மொழி

மென்பொருள் ஒருமுறை எழுதி முடிக்கப்படுவது அன்று. பிழைகள் களையப்படுகின்றன, புதிய வசதிகள் சேர்கின்றன, சிலவேளை அடித்தளமே மாற்றப்படுகிறது. இம்மாற்றங்களைப் பிரித்தறியவே பதிப்பெண் தோன்றியது. நிரலாளர் பலர் பின்பற்றும் ஒரு முறையில் பதிப்பெண் 2.4.1 என்பதுபோல் மூன்று பகுதிகளாக அமையும். முதல் எண் உயர்ந்தால், பழைய பதிப்போடு ஒத்துப்போகாத மாற்றம் நிகழ்ந்துள்ளது என்பது பொருள். இரண்டாம் எண் உயர்ந்தால், பழையன குலையாமல் புதியன சேர்ந்துள்ளன. மூன்றாம் எண் உயர்ந்தால், பிழைகள் திருத்தப்பட்டுள்ளன. இங்குள்ள புள்ளி கணிதத்தின் பதின்மப் புள்ளி அன்று, ஆகவே 2.9க்குப் பின் 2.10 வரலாம்.

வேறு முறைகளும் உள்ளன. உபுண்டு இயங்குதளத்தின் முதல் பதிப்பு 4.10 என்னும் எண்ணைப் பெற்றது. 2004ஆம் ஆண்டின் பத்தாம் மாதத்தில் அது வெளிவந்தது என்பதை அவ்வெண் உணர்த்தியது. கணினி அறிவியலாளர் டொனால்டு நூத் உருவாக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் பதிப்பெண், ஒவ்வொரு திருத்தத்தின்போதும் ஓர் இலக்கம் நீண்டு, ‘பை’ என்னும் மாறிலியை நெருங்கிச் செல்கிறது. நிறைவை நோக்கி நடக்கலாம், முற்றும் எட்ட இயலாது என்னும் பணிவு அதில் தெரிகிறது. முறைகள் வேறாயினும் இவை ஒவ்வொன்றும் ஓர் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவை.

சந்தைக்கு வந்த எண்

விற்பனை முன்னிற்கும் இடத்தில் இந்த ஒழுங்கு தளர்கிறது. விண்டோஸ் இயங்குதளம் 3.1 என்னும் பதிப்புக்குப் பின் 1995இல் ஆண்டுப் பெயர் பூண்டு ‘95’ ஆனது. பின்னர் எழுத்துகளையும் சொல்லையும் பெயராகக் கொண்டு, 2009இல் ‘7’ என எண்ணுக்குத் திரும்பியது. அந்த ஏழின் உள்ளே பதிந்திருந்த பதிப்பெண்ணோ 6.1. எட்டுக்குப் பின் ஒன்பது வரவில்லை. 2015இல் பத்து வந்தது. பெட்டியின் மேலிருந்த எண் ஒன்றாகவும் உள்ளிருந்த எண் வேறாகவும் இருந்தன.

லினக்ஸ் கருவகம் 2011இல் 2.6.39இலிருந்து 3.0க்குத் தாவியது. ஆனால் இது பெருமாற்றத்தின் அடையாளமன்று என்பதை லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டார். எண்ணை விருப்பம்போல் மாற்றினாலும் உண்மையை மறைக்காத நேர்மை அது.

திரையுலகிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. 1979இல் வந்த ‘கல்யாணராமன்’ படத்தின் தொடர்ச்சி, 1985இல் எண் ஏதுமின்றி ‘ஜப்பானில் கல்யாணராமன்’ என்றே வந்தது. பின்னாளில் எண்ணே போதும் என்னும் நிலை உருவானது. 2010இல் வந்த ‘எந்திரன்’ படத்தின் தொடர்ச்சி 2018இல் ‘2.0’ என்று மென்பொருளின் பதிப்பெண்ணையே பெயராகக் கொண்டது. எந்திர மனிதனைப் பற்றிய கதைக்கு அது பொருந்தியது. ‘முனி’ வரிசையில் மூன்றாவதாக வந்த படமோ ‘காஞ்சனா 2’ எனப் பெயர் பெற்றது. மக்கள் விரும்பிய படத்திலிருந்தே கணக்கு புதிதாகத் தொடங்கியது. மாறாக, ‘பொன்னியின் செல்வன்’ ஒரே கதையை இரு பகுதிகளாகத் தந்தபோது, கதை இன்னும் முடியவில்லை என்னும் செய்தியை எண் முன்னரே உரைத்தது.

சிற்றெண்ணும் பேரெண்ணும்

பெயர்தானே, எப்படி இருந்தால் என்ன என்று சிலர் வினவலாம். சொல்லாலான பெயர் வரிசை எதனையும் கூறுவதில்லை; எண்ணோ வரிசையையும் வளர்ச்சியையும் கூறுகிறது. பெரிய எண்ணே சிறந்தது என்னும் எண்ணம் மனத்தில் எளிதில் பதிகிறது. அதன் விளைவுகள் சிறியன அல்ல.

2014ஆம் ஆண்டு, இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில் ஒரு கொடிய பிழை கண்டறியப்பட்டது. அதன்வழி வழங்கிகளின் நினைவகத்திலிருந்து கடவுச்சொற்கள்கூடக் களவாடப்படலாம் என்னும் நிலை இருந்தது. பிழையுற்ற பதிப்பு 1.0.1எஃப், திருத்திய பதிப்பு 1.0.1ஜி. கடைசி எழுத்து மட்டுமே மாறியது. எவரும் விழா எடுக்காத அந்தச் சிறு மாற்றமே எண்ணற்றோரின் மறைச்செய்திகளைக் காத்தது.

பேரெண்ணின் மாற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிவுற்றது. விண்டோஸ் 11 வேண்டும் வன்பொருள் தகுதிகள் இல்லாத கணினிகள், நன்கு இயங்கும் நிலையிலும் ‘பழையன’ ஆயின. எண் ஒன்று கூடியபோது, வாங்கியவரின் கையிலிருந்த பொருளின் மதிப்புக் குறைந்தது.

ஆகவே எண்ணைப் பெயரில் வைப்போர், அது எதை எண்ணுகிறது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். கைப்பேசித் திரையில் ‘புதுப்பிக்கவும்’ என்னும் அறிவிப்பு தோன்றும்போது, மாற்றங்களின் பட்டியலைத் திறந்து படிப்பது மாணவர்க்கு நல்ல பழக்கம். மூன்றாம் எண் மட்டும் மாறியிருந்தால் தயங்காமல் ஏற்கலாம். அது பெரும்பாலும் ஒரு பிழையை அடைக்க வந்தது. முதல் எண் மாறியிருந்தால் பெறுவது எது, இழப்பது எது என்று ஆராய்ந்த பின்னரே ஏற்கலாம். புறநானூற்றின் பாடல்களை எண்ணிப் பார்க்கும் உரிமை படிப்பவர்க்கு உண்டு. அதே உரிமை மென்பொருளைப் பயன்படுத்துவோர்க்கும் படம் பார்ப்போர்க்கும் உண்டு.